மெய்நிகர் நெருக்கமும் உடன்பட்ட பல்துணை உறவும்: தொலைக்காட்சி காட்டாமல் விட்டுவிடும் உரையாடல்

கேள்வி: கொட்டகலை வாசகி

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தில் வழக்கமாக நூல்களைப் பற்றியே பேசுவோம். கடந்த கூட்டத்தில் ஒரு மாறுதலுக்காக, 2019 ஜூன் மாதத்தில் நெட்பிளிக்ஸில் வெளியான ‘பிளக் மிரர்’ ஐந்தாம் பருவத்திலிருந்து ‘ஸ்ட்ரைக்கிங் வைப்பர்ஸ்’ என்ற அத்தியாயத்தை எடுத்துக்கொண்டோம். அன்று எழுந்த கருத்து வேறுபாடு இன்னும் தீராததால் அதை உங்கள் முன் வைக்கிறேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டேனியும் தியோவும் மணமாகி ஒரு பிள்ளையுடன் வாழ்பவர்கள். டேனியின் பழைய நண்பன் கார்ல், பிறந்தநாள் பரிசாக ஒரு சண்டை விளையாட்டைக் கொண்டுவந்து கொடுக்கிறான். நெற்றிப் பொட்டில் ஒரு சிறு கருவியை ஒட்டிக்கொண்டால், விளையாட்டுப் பாத்திரத்தின் உடல் உணர்வதையெல்லாம் ஆடுபவரும் உணர்வார். டேனி ஓர் ஆண் வீரனாகவும் கார்ல் ஒரு பெண் வீராங்கனையாகவும் அந்த உலகத்துக்குள் நுழைகிறார்கள். சண்டையாகத் தொடங்கியது நெருக்கமாகி, பிறகு வழக்கமாகவும் ஆகிவிடுகிறது. கணவன் தன்னிடமிருந்து விலகிப் போவதை உணரும் தியோ, வேறொரு தொடர்பு உண்டா என்று நேராகவே கேட்கிறாள்; அவன் இல்லை என்கிறான். கடைசியில் உண்மை வெளிவந்த பின்னர் ஓர் ஏற்பாடு உருவாகிறது: ஆண்டுக்கு ஒருமுறை, டேனியின் பிறந்தநாள் இரவில், அவன் கார்லுடன் அந்த விளையாட்டுக்குள் போகலாம், அதே இரவில் தியோ திருமண மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே சென்று தனக்குப் பிடித்த அந்நியர் ஒருவரைச் சந்திக்கலாம்.

எங்கள் வட்டத்தில் பெரும்பாலோர் இதை நேர்மையான முடிவு என்றார்கள். மறைப்பு நீங்கிவிட்டது, இருவருக்கும் சம உரிமை கிடைத்துவிட்டது, யாரும் வீட்டை விட்டு வெளியேறவில்லை என்பது அவர்களுடைய வாதம். எனக்கு அது முழுமையாக ஏற்புடையதாக இல்லை. எல்லோரும் அறிந்து, எல்லோரும் உடன்பட்டு, ஒன்றுக்கு மேற்பட்ட துணையுடன் வாழ்வதை அறம் சார்ந்த உறவாகக் கருதுவோர், சம்மதம் முதலில் வர வேண்டும் என்பதையே அதன் அடிப்படையாகச் சொல்கிறார்கள். இங்கோ, பொய் சொல்லி, மறுத்து, அகப்பட்ட பின்னரே சம்மதம் கேட்கப்படுகிறது. மறுத்தால் குடும்பம் உடையும் என்ற நிலையில் ஒரு பெண் சொல்லும் ‘சரி’யை நான் எப்படி எடை போடுவது?

இரண்டாவது உறுத்தல் நம் ஊரைச் சார்ந்தது. தொலைக்காட்சி மெய்நிகர் நெருக்கத்தைக் காட்டும்போதெல்லாம் அது வெளியிலிருந்து இல்லறத்துக்குள் புகும் அந்நியப் பொருளாகவே வருகிறது. நமது மலையகத் தேயிலைத் தோட்டங்களில் எத்தனையோ குடும்பங்களில் கணவர் கொழும்பில் கடையொன்றில் இருக்கிறார், அல்லது மனைவி வளைகுடா நாடொன்றில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்கிறார். அவர்களுடைய தாம்பத்தியத்தின் பெரும்பகுதி கைப்பேசித் திரையில்தான் நடக்கிறது. அவர்களைப் பற்றி இக்கதைகளுக்குச் சொல்ல ஏதேனும் இருக்கிறதா? உங்கள் எண்ணங்களை அறிய விரும்புகிறேன்.

பதில்: பண்டாரவளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

மகளே, நல்ல கேள்வி. நான் அந்த அத்தியாயத்தைப் பார்த்தவன் அல்லன். நீங்கள் தந்த கதைச் சுருக்கத்தையும், என் வீட்டில் இரவுதோறும் ஓடும் சென்னைத் தொடர்களையும் வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

தலைவன் பரத்தையிடம் சென்று திரும்புவதும், தலைவி அவனை வீட்டுக்குள் விடாமல் வாயில் மறுப்பதும் மருதத் திணையின் உயிர்நாடி. அந்தக் கவிதைகளில் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது, மூன்று தரப்பினருக்கும் பேச இடம் இருப்பதுதான். குறுந்தொகையின் எட்டாம் பாடலில் ஆலங்குடி வங்கனார் பரத்தையையே பேச வைக்கிறார். தன் வீட்டில் பெருமொழி பேசிய தலைவன், அவனுடைய மனைவியிடம் போனதும், நாம் கையையும் காலையும் தூக்கத் தானும் தூக்கும் கண்ணாடிப் பாவையைப் போல, மனைவி விரும்புவதையெல்லாம் செய்கிறான் என்று பரத்தை சொல்கிறாள். பரத்தைக்கும் ஒரு பார்வை இருக்கிறது, அவளுக்கும் மனக்குறை இருக்கிறது. நம் தொடர்களில் வரும் ‘மற்றவள்’ பெரும்பாலும் சூழ்ச்சிக்காரி அல்லது ஏமாந்தவள். இரண்டுக்கும் நடுவில் அவளுக்கு இடமில்லை.

விஜய் தொலைக்காட்சியில் 2020 இல் தொடங்கிய ‘பாக்கியலட்சுமி’ ஓரளவு விலக்கு. கோபி தன் பழைய காதலி ராதிகாவுடன் மறைவாகப் பழகுவதும், உண்மை வெளிப்பட்ட பின்னர் பாக்கியா அழுது அடங்கிப்போகாமல் மணவிலக்குப் பெற்றுத் தன் சமையல் தொழிலைக் கட்டியெழுப்புவதும் நமது வீட்டுப் பெண்களை உண்மையாகவே அசைத்தன. ராதிகாவும் வெறும் வில்லியாக வரையப்படவில்லை. ஆனாலும் அந்தத் தொடரிலும், இதுபோன்ற எல்லாத் தொடர்களிலும், வாரக்கணக்கில் பார்வையாளரைப் பிடித்து வைத்திருப்பது ஒரே கேள்வி: எப்போது பிடிபடுவான்? மனைவிக்குத் தெரியாதது நமக்குத் தெரியும் என்ற பதற்றமே கதையை ஓட்டுகிறது. எல்லோரும் முன்கூட்டியே அறிந்து உடன்பட்டுவிட்டால் அந்தப் பதற்றம் போய்விடும்; கதை எழுதுபவருக்குக் கையில் எதுவும் மிஞ்சாது. தொலைக்காட்சியில் சம்மதம் எப்போதும் பிந்தி வருவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

தொடாமலே நிகழும் துரோகம் என்பதும் நமக்குப் புதிதன்று. திருக்குறளின் புலவி நுணுக்கத்தில் முதற்குறளைப் பாருங்கள். பெண்கள் எல்லோரும் உன்னைக் கண்ணாலேயே பொதுவாக உண்கிறார்கள், ஆகவே உன் மார்பை நான் சேரமாட்டேன் என்று தலைவி ஊடுகிறாள். யாரும் யாரையும் தொடவில்லை. ஆனாலும் அவளுக்கு வலிக்கிறது, அந்த வலியைக் குறள் பொருட்படுத்துகிறது.

பதில்: தோஹாவிலிருந்து, ஊர் பொகவந்தலாவை

அக்கா, உங்கள் இரண்டாவது கேள்வியை வாசித்ததும் வேலை முடிந்த களைப்பையும் மறந்து எழுதத் தோன்றியது. நானும் என் மனைவியும் திரையில்தான் குடும்பம் நடத்துகிறோம். பிள்ளையின் பள்ளிப் பாடம், மாமியாரின் மருந்து, சண்டை, சமாதானம் எல்லாமே அதற்குள்தான். நெருக்கமும் அதற்குள்தான் இருக்க வேண்டியிருக்கிறது. அதை வெளிப்படையாகச் சொல்ல நம்மவர் கூச்சப்படுகிறோம். கூச்சப்படுவதில் தவறில்லை, ஆனால் தொலைக்காட்சியும் அதைக் கண்டுகொள்ளாமல் விடுவதால், அப்படி ஒன்று இல்லவே இல்லை என்பதுபோல் ஆகிவிடுகிறது.

எங்கள் வீடு பழைய லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், உள்ள ஒரு காம்பரா, ஒற்றை அறை. பத்துக்குப் பன்னிரண்டு அடி என்று எல்லோரும் சொல்லும் அதே அளவு. பாட்டன் காலத்திலிருந்து மூன்று தலைமுறைகள் அதற்குள் படுத்தெழும்பியிருக்கின்றன. பக்கத்துக் காம்பராவில் இருமினால் இங்கே கேட்கும். என் மனைவி என்னுடன் நாலு வார்த்தை தனியாகப் பேச வேண்டுமென்றால், பிள்ளைகள் தூங்கிய பிறகு, சிக்னல் கிடைக்கும் இடம் பார்த்து, இருட்டிலும் பனியிலும் தேயிலை மலையோரமாக நிற்க வேண்டும். அந்த நேரத்தில் அவள் யாருடன் பேசுகிறாள் என்று லயமே விசாரிக்கிறது. கணவனுடன் பேசுவதற்காக வெளியே நிற்கும் பெண்ணுக்குக் கள்ளத்தொடர்பு என்று பெயர் வந்துவிடுகிறது. கதையெழுதும் யாரேனும் ஒருவர் இந்தக் காட்சியை எழுத வேண்டும் என்பது என் ஆசை.

இங்கே நெட்பிளிக்ஸில் நான் பார்க்கும் கதைகளில் மெய்நிகர் நெருக்கம் என்பது, பக்கத்தில் மனைவி படுத்திருக்க, ஒருவன் வேறொரு உலகத்துக்குள் ஒளிந்துகொள்வது. டேனிக்குத் தனி அறை இருக்கிறது, பெரிய சோபா இருக்கிறது, மனைவி மாடியில் இருக்கிறாள். அவனுக்கு அந்தக் கருவி விலகிப்போகும் வழி. எங்களுக்கு அதே போன்ற கருவி நெருங்கிவரும் ஒரே வழி. இரண்டும் ஒரே தொழில்நுட்பம்தான். அப்படியிருக்க, துரோகம் திரைக்குள் இருக்கிறது என்று கதைகள் திரும்பத் திரும்பச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. தியோவை நோகடித்தது அந்த விளையாட்டு என்பதைவிட, அவள் நேராகக் கேட்டபோது டேனி சொன்ன ‘இல்லை’ என்ற பதிலே என்றுதான் நான் நினைக்கிறேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். இங்கே முகாமில் என்னுடன் இருப்பவர்களில் சிலர், ஊரில் உள்ள மனைவிக்குத் தெரியாமல் இணையத்தில் வேறு பெண்களுடன் இரவிரவாகப் பேசுகிறார்கள். “உடலால் எதுவும் நடக்கவில்லையே, இதில் என்ன தவறு?” என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது: அதே நேரத்தில் உன் மனைவி வேறொருவருடன் அப்படிப் பேசினால் உனக்குச் சம்மதமா? இதுவரை யாரும் ஆம் என்று சொன்னதில்லை. அந்த அத்தியாயத்தில் தியோவுக்கும் அதே இரவில் உரிமை கொடுக்கப்படுவது அதனால்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. உங்கள் வட்டத்தினர் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது, அக்கா.

பதில்: ஹட்டன், சட்ட மாணவி

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சேர்க்கிறேன், ஏனெனில் இவ்விடயத்தில் பலரும் இந்தியத் தொடர்களையும் செய்திகளையும் வைத்தே நம் நாட்டையும் எண்ணிக்கொள்கிறார்கள். இந்தியாவில் 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தண்டனைச் சட்டத்தின் 497 ஆம் பிரிவை நீக்கும் வரை, பிறன் மனைவியுடன் உறவுகொள்வது ஆணுக்குக் குற்றமாக இருந்தது. இலங்கையில் சோரம், அதாவது மணமானவர் வேறொருவருடன் உறவுகொள்வது, குற்றவியல் குற்றம் அன்று. 1907 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அது விவாகரத்துக்கான காரணங்களில் ஒன்று. கெட்ட எண்ணத்துடன் கைவிட்டுச் செல்லுதல் மற்றொன்று. ஒரு விவாகம் நிலைத்திருக்கையில் இன்னொன்றைச் செய்துகொள்வது தண்டனைச் சட்டக் கோவையின்படி குற்றம். முஸ்லிம் தனியார் சட்டம் ஓர் ஆணுக்கு நான்கு மனைவியர் வரை அனுமதிக்கிறது. ஆகவே நம் நாட்டில் பல்துணை மணம் முற்றாக இல்லாத ஒன்றன்று, அது ஆணுக்கு மட்டும் உரியதாக இருக்கிறது. ஆணுடன் ஆண், பெண்ணுடன் பெண் கொள்ளும் நெருக்கத்தைக் குற்றமாக்கும் 365அ பிரிவும் இருக்கிறது. டேனியும் கார்லும் ஹட்டனில் இருந்திருந்தால் அவர்களுடைய அச்சம் தியோவைப் பற்றியது மட்டுமாக இருந்திராது.

இந்த மலைகளிலேயே, கண்டியச் சிங்களக் குடும்பங்களில், சகோதரர்கள் சேர்ந்து ஒரே பெண்ணை மணந்து ஒரே வீட்டில் வாழும் வழக்கம் இருந்தது. பிரித்தானியர் 1859 இல் கொண்டுவந்த கட்டளைச் சட்டம் அதைத் தடை செய்தது. அந்த வழக்கத்தைப் பெண்ணின் சுதந்திரம் என்று இன்று சிலர் புகழ்ந்து எழுதுகிறார்கள். அதன் பின்னால் நிலம் துண்டுபடாமல் காக்கும் கணக்கும் இருந்தது. அந்தப் பெண்ணிடம் யார், எப்போது கேட்டார்கள் என்பதே என் கேள்வி. பலர் சேர்ந்து வாழ்வதால் மட்டும் ஓர் உறவு அறத்துக்கு உரியதாகவும் ஆகாது, அறத்துக்குப் புறம்பானதாகவும் ஆகாது.

தோஹா அண்ணா எழுதியதற்கு ஒரு குறிப்பு. 2013 இல், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்மார் வீட்டுப் பணிக்காக வெளிநாடு செல்வதைத் தடுக்கும் வகையில் குடும்பப் பின்னணி அறிக்கை கட்டாயமாக்கப்பட்டது. அப்போது தந்தையரிடம் அப்படியோர் அறிக்கை கேட்கப்படவில்லை. பெண்ணின் விசுவாசத்தை லயம் மட்டுமல்ல, அரசும் சேர்ந்தே காவல் காத்திருக்கிறது.

பதில்: நுவரெலியா, தொடர்களைத் தொடர்ந்து பார்ப்பவர்

நான் ‘ஸ்ட்ரைக்கிங் வைப்பர்ஸ்’ அத்தியாயத்தை உங்கள் கேள்விக்காக மறுபடியும் பார்த்தேன். ஒரு செய்தி முதற்தடவை என் கவனத்தில் தங்கவில்லை. அந்த ஏற்பாடு பேசி முடிக்கப்பட்ட உரையாடல் அத்தியாயத்தில் இல்லை. டேனியும் கார்லும் விளையாட்டுக்கு வெளியே, நிஜ உடலில், ஒருவரையொருவர் முத்தமிட்டுப் பார்ப்பதும், அது சண்டையாகி இருவரும் காவல் நிலையத்தில் இருப்பதும், தியோ வந்து அழைத்துச் செல்வதும் விரிவாக இருக்கின்றன. பிறகு நேராக அடுத்த பிறந்தநாள் வந்துவிடுகிறது. அவள் என்ன கேட்டாள், எதை மறுத்தாள், ஓர் இரவு என்ற எல்லையை யார் முதலில் சொன்னார், எவ்வளவு காலம் அழுதாள் என்பது எதுவும் நமக்குத் தெரியாது. சண்டையைக் காட்ட நேரம் இருந்தது, விளையாட்டைக் காட்ட நேரம் இருந்தது. சம்மதம் உருவாவதைக் காட்ட நேரம் இருக்கவில்லை. உங்கள் உறுத்தலின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன், சகோதரி. அந்த ‘சரி’யை எடை போட முடியாமல் இருப்பது உங்கள் குறையன்று, அது நம் கண்ணுக்குக் கொடுக்கப்படவே இல்லை.

பி.பி.சி. 2018 இல் ஒளிபரப்பிய ‘வாண்டர்லஸ்ட்’ தொடரிலும் வரிசை இதுதான். ஜாய், ஆலன் தம்பதியர் தனித்தனியே வழி தவறுகிறார்கள், ஒருவருக்கொருவர் ஒப்புக்கொள்கிறார்கள், அதன் பிறகே பிறருடன் பழகலாம் என்று உடன்படுகிறார்கள். துரோகத்துக்குப் போடும் மருந்தாகவே உடன்பாடு வருகிறது. 2006 முதல் 2011 வரை வந்த ‘பிக் லவ்’ வேறு வகை. யூட்டா மாநிலத்தில் மூன்று மனைவியருடன் வாழும் ஒருவனின் கதை. மனைவியர் அனைவருக்கும் எல்லாம் தெரியும். ஆனால் அந்த உரிமை அவனுக்கு மட்டுமே, அவர்களில் எவருக்கும் இரண்டாவது கணவன் என்ற பேச்சே எழாது. அறிந்திருப்பதும் சமமாக இருப்பதும் வேறு வேறு என்பதை அந்தத் தொடர் நன்றாகவே காட்டியது.

நீங்கள் தேடுவதற்கு மிக அண்மையில் வருவது, 2020 இல் பி.பி.சி. வெளியிட்ட எட்டு அத்தியாயத் தொடரான ‘ட்ரிகோனோமெட்ரி’. லண்டனில் ஜெம்மா, கீரன் என்ற இணையர் வாடகைச் சுமை தாங்காமல் ரே என்ற பெண்ணுக்குத் தங்கள் வீட்டில் ஓர் அறையைக் கொடுக்கிறார்கள். மூவருக்கும் இடையே அன்பு மெதுவாக வளர்கிறது. ஒருவர் தயங்கும்போது மற்ற இருவரும் நிற்கிறார்கள். குளியலறை வரிசை, செலவுக் கணக்கு, உறவினருக்கு என்ன சொல்வது என்ற கவலை எல்லாம் வருகின்றன. இடநெருக்கடியும் பணநெருக்கடியும் உள்ள வீட்டில் நடக்கும் கதை என்பதால், நம் வாசகர்களுக்கு அது அவ்வளவு தூரத்தில் இல்லை.

மெய்நிகர் உருவங்களைப் பற்றிய பழைய எடுத்துக்காட்டு ஒன்றும் இங்கே பொருந்தும். ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரில், 1989 இல் வந்த ஓர் அத்தியாயத்தில், ஜோர்டி என்ற பொறியியலாளர் லியா பிராம்ஸ் என்ற உண்மையான விஞ்ஞானியின் உருவத்தைக் கணினி இயக்கும் மெய்நிகர் அறைக்குள் உருவாக்கி அவளிடம் மனதைப் பறிகொடுக்கிறார். 1991 இல் அந்த உண்மையான லியா அவருடைய விண்கப்பலுக்கு வருகிறாள், அவள் மணமானவள். தன் உருவம் எப்படிப் பயன்பட்டது என்பதைக் கண்டதும் கொதிக்கிறாள். அவளுடைய கோபம் முழுக்க நியாயமானது. கதையோ அதை விரைவாக ஆற்றி, இருவரையும் சிரிக்க வைத்துவிடுகிறது. ஒருவருடைய முகத்தை எடுத்து அவர் அறியாமல் நெருக்கப் படங்கள் செய்யப்படும் இந்தக் காலத்தில், அந்தக் கொதிப்பை அப்படி ஆற்றிவிட முடியாது. சம்மதம் கேட்கப்பட வேண்டியவர் மனைவியோ கணவனோ மட்டுமல்லர். அந்த உருவத்துக்கு உரியவரும்தான்.

விசுவாசத்தைப் பற்றி என்றால், ‘பிளக் மிரர்’ தொடரிலேயே 2016 இல் வந்த ‘சான் ஜூனிபெரோ’ எனக்கு மேலானது. கெல்லி என்ற முதியவள் தன் கணவனுடன் 49 ஆண்டுகள் வாழ்ந்தவள். இறந்த பின்னரும் இளமையுடன் வாழ வைக்கும் ஒரு மெய்நிகர் உலகம் அந்தக் கதையில் உண்டு; இறந்த மகளுக்குக் கிடைக்காத அது தனக்கும் வேண்டாம் என்று அவன் மறுத்துவிட்டான். அந்த உலகத்தில் இளமையுடன் யோர்க்கி என்ற பெண்ணைக் காதலிக்கும் கெல்லி, இறந்துபோன கணவனுக்குத் தான் என்ன கடன்பட்டிருக்கிறேன் என்று குமுறும் காட்சி ஒன்று உண்டு. இங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனாலும் விசுவாசம் அவளை அழுத்துகிறது. மறைப்பும் பிடிபடுதலும் இல்லாமலே அந்தக் கதை நம்மைக் கட்டிப்போடுகிறது என்பதை ஆசிரியர் ஐயாவின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

பதில்: கொட்டகலை வாசகி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. தோஹா தம்பி எழுதியதை எங்கள் வட்டத்தில், பெயர் எதுவும் குறிப்பிடாமல், வாசித்துக் காட்ட அனுமதி கேட்கிறேன். அங்கு வரும் பெண்களில் மூவருடைய கணவன்மார் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் அன்று ஏன் ஒன்றும் பேசாமல் இருந்தார்கள் என்பது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

உரையாடலே காட்டப்படவில்லை என்ற கவனிப்பை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் தியோ அதற்கு முன்பே ஒருமுறை பேசிவிட்டாள் என்பதை இங்கே சேர்க்க வேண்டும். அவர்களுடைய திருமண நாள் விருந்தில், தனக்கும் ஆசைகள் உண்டு, பிறர் தன்னை விரும்புவதும் உண்டு, அந்தக் கதவை மூடி வைத்திருப்பதுதான் தாம்பத்தியம் என்று நம்பித் தான் மூடி வைத்திருப்பதாக அவனிடம் சொல்கிறாள். ஆகவே கடைசியில் அவள் வெளியே செல்வது அவனுடைய தவறுக்கு ஈடாகக் கொடுக்கப்பட்ட பரிசு மட்டுமன்று. அவளிடம் முன்பே இருந்த ஒன்று அது. டேனி அன்றிரவே உண்மையைச் சொல்லியிருந்தால், இருவரும் சம நிலையில் நின்று பேசியிருக்க முடியும். அவள் தன் மனதைத் திறந்து வைத்த மேசையிலேயே அவன் பொய் சொன்னான் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆசிரியர் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். மருதத்தில் மூவரும் பேசுகிறார்கள் என்றீர்கள். தலைவி தனக்கும் அதே உரிமையைக் கேட்டதாக ஒரு பாடலாவது உண்டா? எங்கள் அடுத்த கூட்டத்தில் குறுந்தொகைப் பாடலையும் இந்த அத்தியாயத்தையும் ஒன்றாக வைத்துப் பேச எண்ணியிருக்கிறோம். உங்கள் பதில் அதற்கு முன் கிடைத்தால் பேருதவியாக இருக்கும்.

பதில்: பண்டாரவளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

மகளே, நான் படித்தவற்றில் அப்படியொரு பாடல் இல்லை. தலைவி சினப்பாள், கதவடைப்பாள், தோழியை விட்டுத் திட்டச் சொல்வாள், புதல்வனைக் காட்டி அவனை நாணச் செய்வாள். தனக்கும் அது வேண்டும் என்று கேட்கமாட்டாள். பாக்கியலட்சுமியும் கேட்கவில்லை. தியோ கேட்டிருக்கிறாள், அல்லது அவளுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. எது என்பதை அந்தக் காட்டப்படாத உரையாடல்தான் சொல்ல வேண்டும். உங்கள் கூட்டத்துக்குப் பாடல்களைப் பிரதியெடுத்து அனுப்புகிறேன்.